சிங்கப்பூர் ஆற்றோரம் ராபர்ட்சன் கீயில் மூன்று முக்கோண முகப்புகளோடு நிற்கும் வெள்ளைக் கட்டடம் முன்பு என்னவாக இருந்தது?

அது கிடங்கு. 1895இல் ஹேவ்லாக் ரோட்டோரம், ஆற்றைப் பார்த்தபடி கட்டினார்கள். ஒட்டி நிற்கும் மூன்று கிடங்குகள், ஒவ்வொன்றுக்கும் தனிக்கூரை; அதனால்தான் மூன்று முக்கோணம்.

ஆற்றோரக் கிடங்குகளின் அமைப்புக்குக் காரணம் படகுதான். கப்பல்கள் வெளியே கடலில் நிற்கும். தொங்கான் என்ற சுமைப்படகுகளில்தான் சரக்கு ஆற்றுக்குள் வரும். கூலிகள் ஒற்றைப் பலகையில் நடந்து மூட்டைகளைத் தோளில் சுமந்து கரையேற்றுவார்கள். ஆகவே வாசல் ஆற்றைப் பார்த்தது. உள்ளே மூட்டைகளை அடுக்கத் தடுப்பில்லாத இடமும் உயரமும் வேண்டும், அதற்குத்தான் அந்தப் பெரிய கூரைச் சட்டங்கள்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்தப் படகுத் தொழிலில் முன்னணியில் இருந்தவர்கள் சூலியாக்கள், அதாவது நம் தமிழ் முஸ்லிம்கள். பிறகுதான் அது சீனர்கள் கைக்குப் போனது. ஆற்றோர வரலாற்றைப் பேசும்போது சூலியாக்களை விட்டுவிடக் கூடாது.

1977இல் ஆற்றைத் தூய்மைப்படுத்தும் வேலை தொடங்கியது. 1983இல் படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்கு மாற்றப்பட்டன. படகு போனதும் கிடங்குகளுக்கு வேலையில்லை. இந்தக் கட்டடம் கொஞ்ச காலம் டிஸ்கோவாக ஓடியது, அப்புறம் 2017இல் ஹோட்டலானது. உள்ளே போனால் வரவேற்புக் கூடத்தில் அண்ணாந்து பாருங்கள்: கூரைச் சட்டங்களை மூடாமல் விட்டிருக்கிறார்கள். பழைய கட்டடத்தை மாற்றும்போது இப்படித்தான் செய்ய வேண்டும் என்பது என் கருத்து.