குட்டியை நசுக்கும் தாய்ப்பன்றியை விற்றுவிடலாமா?

கேள்வி: நாலு வெண்பன்றி வளர்க்கிறேன். போன மாதம் ஒன்று 11 குட்டி போட்டது. மூன்று நாளில் 4 போய்விட்டன; மூன்று தாய்க்கு அடியில் நசுங்கியும், ஒன்று ஓரமாகச் சும்மாவும் செத்துக் கிடந்தன. தாய் சரியில்லை, விற்றுவிடு என்கிறார்கள். விற்கட்டுமா?
- வாசகர், தர்மபுரி மாவட்டம்

பதில்: விற்காதீர்கள். நசுங்கியவை அநேகமாக அதற்கு முன்பே குளிரிலும் பசியிலும் துவண்டு போயிருக்கும். ஒன்றேகால் கிலோ குட்டி, உடம்பில் கொழுப்பே இல்லாமல், ஈரத்தோடு சிமெண்ட் தரையில் விழுகிறது. அதற்கு 32 முதல் 34 டிகிரி சூடு வேண்டும். விடிகாலையில் கொட்டிலில் தாயின் மடியை விட்டால் சூடான இடம் ஏது? அங்கேயே ஒட்டிக் கிடக்கும். தாய் புரண்டு படுக்கும்போது தெம்பான குட்டி கத்திக்கொண்டே விலகி ஓடிவிடும், துவண்டதால் முடியாது, பாவம்.

ஒரு மூலையைப் பலகையால் அடைத்து, குட்டி மட்டும் நுழைய வழி விட்டு, உள்ளே உலர்ந்த வைக்கோல் போட்டு மேலே பல்பு தொங்கவிடுங்கள். சூடு சரியா என்பதைக் குட்டிகள் படுத்திருப்பதிலேயே கண்டுபிடிக்கலாம்: ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் போதவில்லை, விளக்கை விட்டு விலகிப் படுத்தால் அதிகம், பக்கத்தில் பக்கத்தில் காலை நீட்டித் தூங்கினால் சரி. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்தும் ஒரு சாண் உயரத்தில் இரும்புக் குழாய் பதித்துவிட்டால் தாய் சாயும்போது குட்டி ஒதுங்கிக்கொள்ளும்.

சும்மா செத்த குட்டிக்குச் சீம்பால் கிடைத்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். பன்றிக்குட்டிக்கு நோய் எதிர்ப்புச் சக்தி கருவில் வருவதில்லை, முதல் 24 மணி நேரத்தில் குடிக்கும் சீம்பாலில்தான் வருகிறது. கடைசியாகப் பிறக்கும் சின்னக்குட்டியை மற்றவை காம்பை நெருங்கவே விடாது. அதனால் வயிறு நிரம்பிய பெரியவற்றை ஒரு மணி நேரம் சூடான கூடையில் போட்டுவிட்டு, சின்னதுகளை முன்காம்பில் விடுங்கள். குட்டியின் வாயில் விரல் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் முதலில் சூடு, அப்புறம்தான் பால்.

பிறந்த மூன்றாம் நாள் கால்நடை மருத்துவரிடம் குட்டிகளுக்கு இரும்புச்சத்து ஊசி போடுங்கள், தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. பல் வெட்டுவதை எல்லாக் குட்டிக்கும் வழக்கமாகச் செய்யாதீர்கள், அது வலி. குட்டிகளின் பல் பட்டுத் தாயின் மடியில் காயம் தெரிந்தால் மருத்துவரைக் கேட்டுச் செய்யலாம்.

சினைக்காலம் 114 நாள். சேர்ந்த தேதியைக் குறித்துவைத்து, 110ஆம் நாளே தாயைத் தனிக்கொட்டிலுக்கு மாற்றி வைக்கோல் போடுங்கள். வாயால் இழுத்து, காலால் கிளறி அதுவே படுக்கை கட்டும். அப்படிக் கட்ட விட்டால் ஈனும்போது பதறாமல் படுத்திருக்கும். ஈனும் இரவு ஒருவர் கூடவே இருக்க வேண்டும். இத்தனைக்குப் பிறகும் அடுத்த இரண்டு ஈற்றிலும் அதே தாய் நசுக்கினால், அப்போது விற்பதைப் பற்றி யோசிக்கலாம்.