நெட் வரலையா? எந்த நெட்?

கேள்வி: வைஃபை சின்னம் முழுதாகத் தெரிகிறது. ஆனால் ஒரு பக்கம்கூடத் திறப்பதில்லை. போனில் பழுதா?

பதில்: போன் மேல் பழியைப் போடாதீர்கள். உங்கள் போனுக்கும் ரவுட்டருக்கும் நடுவே சிக்னல் நன்றாக இருக்கிறது என்பதை மட்டும்தான் அந்தச் சின்னம் சொல்கிறது. ரவுட்டரிலிருந்து வெளியே போகும் கேபிளை எலி கடித்திருந்தாலும் சின்னம் ஜம்மென்று நிற்கும். சில போன்கள் பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி போடும்; அதை யாரும் கவனிப்பதில்லை.

20 வருடமாகக் கேபிள் இழுக்கிறேன். 'நெட் வரலை' என்று யார் கூப்பிட்டாலும் முதலில் நான் கேட்பது, வைஃபையில் இருக்கும் பிரிண்டரில் ஒரு தாள் வருகிறதா என்றுதான். வந்தால் உள்ளே இருக்கும் நெட்வொர்க் உயிரோடு இருக்கிறது, கோளாறு வெளியே. வராவிட்டால் கணினியின் ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்ணை, பாருங்கள். வீட்டு ரவுட்டர் கொடுக்கும் முகவரி பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடம் கேட்டுக் கேட்டுப் பதில் வராமல் கணினி தானாகவே ஒரு முகவரியைச் சூட்டிக்கொண்டிருக்கிறது. அப்போது இணைய நிறுவனத்துக்குப் போன் போட்டுத் திட்டிப் பயனில்லை.

கேள்வி: நெட்வொர்க்குகளை லேன், மேன், வேன் என்று பாடத்தில் தூரத்தை வைத்துப் பிரிக்கிறார்கள். எத்தனை கிலோமீட்டர் தாண்டினால் வேன் ஆகும்?

பதில்: அப்படி ஒரு மைல்கல் எங்கேயும் நட்டுவைக்கவில்லை. கட்டடத்துக்குள் லேன், நகர அளவில் மேன், ஊர் விட்டு ஊர், நாடு விட்டு நாடு என்றால் வேன் என்பதெல்லாம் குத்துமதிப்புதான். பேன் என்று இன்னொன்றும் உண்டு. உடனே தலையைச் சொறிய வேண்டாம்; உங்கள் போனும் காதில் மாட்டிய புளூடூத்தும் பேசிக்கொள்ளும் சின்ன வட்டம் அது. சாதாரணமாகப் பத்து மீட்டருக்குள் முடிந்துவிடும்.

நான் பிரிக்கும் விதம் வேறு. கேபிள் அறுந்தால் ஒட்ட வேண்டியது யார்? நானே ஏணியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்றால் லேன். தொலைத்தொடர்பு நிறுவனத்தில் புகார் எண் வாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும் என்றால் வேன். ஓர் அலுவலகத்தின் இரண்டு கிளைகள் வாடகை லைனில் பேசிக்கொள்வது வேன். இன்டர்நெட் என்பது அப்படிப்பட்ட ஆயிரமாயிரம் நெட்வொர்க்குகள் ஒன்றோடொன்று கைகோத்தது, மொத்தத்துக்கும் முதலாளி என்று ஒருவர் கிடையாது. மேன் என்ற சொல்லைத் தேர்வுத்தாளுக்கு வெளியே நான் அதிகம் கேட்டதில்லை. மதிப்பெண் உண்டு, எழுதிவிடுங்கள்.

தூரத்துக்கு மதிப்பே இல்லை என்றும் நினைக்காதீர்கள். லேனில் கேபிள் வழியே தகவல் அனுப்பும் முறைக்கு ஈதர்நெட் என்று பெயர். செம்புக் கம்பியில் அதற்கு 100 மீட்டர்தான் எல்லை. ஒரு கிடங்கில் 130 மீட்டருக்கு ஒரே இழுப்பாக இழுத்தார்கள். கேபிள்களை இணைக்கும் பெட்டியான ஸ்விட்சில் பச்சை விளக்கு எரிந்தது, 'இருக்கிறாயா' என்று கேட்கும் சின்னச் சோதனைச் செய்தியான பிங் போட்டால் பதில் வந்தது. பெரிய ஃபைலை அனுப்பினால் மட்டும் பாதியில் நின்றது. 'இழுத்தார்கள்' என்று நைசாகச் சொல்லிவிட்டேன், இழுத்தது நான்தான். நடுவில் ஒரு ஸ்விட்ச் வைத்ததும் சரியாகிவிட்டது.

கேள்வி: ஹப், ஸ்விட்ச், ரவுட்டர் மூன்றும் ஒரே பெட்டி மாதிரிதானே இருக்கின்றன?

பதில்: பெட்டி ஒன்றுபோல இருக்கலாம், புத்தி வேறு. கேபிள் செருகும் ஒரு வாயில் வந்ததை மற்ற எல்லா வாயிலும் கத்திவிடும் ஹப். யாருக்கு வந்த தகவல் என்று, ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்ணான மேக் முகவரியைப் பார்த்து அவருக்கு மட்டும் கொடுப்பது ஸ்விட்ச். ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்கு வழி பார்த்து அனுப்புவது ரவுட்டர். ஹப்பை இப்போது காண்பதே அரிது. வீட்டில் 'ரவுட்டர்' என்று நாம் சொல்லும் பெட்டிக்குள் ஒரு சின்ன ஸ்விட்சும் வைஃபையும் சேர்ந்தே இருக்கும்.

அப்புறம், ஸ்விட்சுக்கும் ஒரு பலவீனம் உண்டு. ஓர் அலுவலகத்தைப் பெருக்கும்போது, தொங்கிக்கொண்டிருந்த கேபிள் முனையை யாரோ நல்லெண்ணத்தில் ஸ்விட்சில் செருகிவிட்டார்கள். மறுமுனையும் அதே ஸ்விட்சில்தான் இருந்தது. எல்லோருக்கும் போக வேண்டிய தகவல் அந்த வளையத்துக்குள் சுற்றிச் சுற்றிப் பெருகி, விளக்குகள் எல்லாம் ஒரே தாளத்தில் மின்ன, அலுவலகம் முழுக்க முடங்கியது. அந்தக் கேபிளின் ஒரு முனையைப் பிடுங்கியதும் தீர்ந்தது. இப்படி வளையம் விழுந்தால் தானே கண்டுபிடித்து அடைக்கிற ஸ்விட்சுகள் உண்டு. அங்கே இருந்தது அந்த ரகமில்லை.

கேள்வி: உலகின் முதல் நெட்வொர்க் எது?

பதில்: எதை நெட்வொர்க் என்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இன்றைய இணையத்தின் மூதாதை ஆர்ப்பாநெட். அதில் முதல் செய்தி போனது 1969 அக்டோபர் 29 அன்று, லாஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்துக்கு. 'லாகின்' என்று அடிக்கப் பார்த்தார்கள். முதல் இரண்டு எழுத்து போனதுமே அந்தப் பக்கத்துக் கணினி படுத்துவிட்டது. ஆக, பிறந்த அன்றே 'நெட் வரலை'! இன்று நம் லேன்களில் ஓடும் ஈதர்நெட் அதற்குப் பின், 1973-இல்தான் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் உருவானது.

கேள்வி: கேபிளில் எட்டுக் கம்பி. இரண்டு முனையிலும் ஒரே வரிசையில் வைத்தால் போதாதா? நிற வரிசை கட்டாயமா?

பதில்: விளக்கு எரியும், சில நேரம் வேலையும் செய்யும். ஆனால் எட்டும் நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கின்றன, வெளியிலிருந்து வரும் இரைச்சலை அந்த முறுக்குதான் அடக்குகிறது. உங்கள் இஷ்டத்துக்கு அடுக்கினால் ஒரு ஜோடியின் சிக்னல் இரண்டு ஜோடிகளில் பிரிந்து ஓடும், முறுக்கு வீண். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. கேபிள் முனையில் மாட்டும் கிளிப்பின் கொக்கி கீழே, உலோக முனைகள் மேலே, கம்பி நுழையும் வாய் உங்கள் பக்கம் இருக்க, இடமிருந்து வலம். பச்சை ஜோடி நடுவில் பிரிந்து நீலத்துக்கு இடம் விடுவதைப் பார்த்துத் தப்பு என்று திருத்திவிடாதீர்கள்.