பிட்புல் குட்டியும் தெருவாரின் அச்சமும்

கேள்வி: ஆரியங்காவுக்கு அப்பாலுள்ள ஒருவரிடம் என் மகன் பிட்புல் குட்டி வாங்கி வந்திருக்கிறான். தெருவார் அதனை ஆட்கொல்லி நாய் என்றும், தடை செய்யப்பட்டது என்றும் சொல்கிறார்கள். வைத்திருக்கலாமா, ஐயா?
– வாசகர், புளியரை.

பதில்: பிட்புல், ராட்வைலர் உள்ளிட்ட 23 இனங்களைத் தடுக்குமாறு 2024 மார்ச்சில் மத்திய அரசு அனுப்பிய சுற்றறிக்கையைக் கர்நாடக உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே ரத்து செய்தது. உரிமம் பற்றி உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அச்சம் ஆதாரமற்றதன்று. காளைகளின் மீது நாய்களை ஏவும் விளையாட்டு இங்கிலாந்தில் 1835இல் தடை செய்யப்பட்டபின், நாய்ச் சண்டைக்கென வளர்க்கப்பட்ட கலப்பின் வழிவந்தது இது. அதன் தாடை வலிமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால், நாய்களின் நடத்தை வேறுபாட்டில் ஏறத்தாழ 9 சதவீதத்தையே இனத்தால் விளக்க முடியும் என்று 2022இல் வெளியான ஆய்வொன்று கண்டது.

எனக்குக் கவலை தருவது விற்பவர்தான். சென்ற மாதம் ஆப்பிள் அட்டைப்பெட்டியில் என்னிடம் கொண்டுவரப்பட்ட குட்டிக்கு ஐந்து வாரம்கூட இராது. கம்பீரத்துக்காம், காதுகளை வெட்டித் தையல் நூலால் தைத்திருந்தார்கள். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகள். தாயோடும் உடன்பிறந்தவற்றோடும் விளையாடும்போதுதான் கடியின் அளவைக் குட்டி கற்கிறது. அதை இழந்த குட்டியைச் சங்கிலியிலேயே கட்டிவைத்தால் முரடாவதில் வியப்பில்லை. விற்றவர் பதிவு பெற்றவரா, தாய் நாயைக் காட்டினாரா என்று மகனிடம் கேளுங்கள்.