புது காருக்கு வாக்ஸ் எப்போது போடலாம்? சேலத்துக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (சூரமங்கலம்): ஐயா, கார் வாங்கி ஒரு வாரம் ஆகிறது. மூன்று மாதம் வரை வாக்ஸ் போடக் கூடாது, பெயிண்ட் காய வேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். உண்மையா?

பதில்: உங்கள் காருக்கு அது பொருந்தாது. இன்றே போடலாம். தொழிற்சாலையில் பெயிண்ட் அடிக்கும்போது வண்டியில் சீட், வயர், டயர் எதுவும் இருக்காது. வெறும் இரும்புக் கூடுதான். அதனால் அதை அடுப்புக்குள் அனுப்பிச் சுமார் 140 டிகிரி செல்சியஸில் சுட முடிகிறது. அடிப்பூச்சுக்கு இன்னும் அதிகச் சூடு. அடுப்பை விட்டு வெளியே வரும்போதே பெயிண்ட் இறுகிவிடுகிறது. அதற்குப் பிறகு யார்டில் நின்று, டிரெய்லரில் ஏறி, ஷோரூமில் காத்திருந்துதான் உங்கள் கைக்கு வந்திருக்கிறது. வெயிலையும் தூசியையும் அப்போதே பார்க்கத் தொடங்கிவிட்ட பெயிண்டைப் பாதுகாப்பில்லாமல் இன்னும் மூன்று மாதம் விடுவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கேள்வி (ஆத்தூர்): அண்ணா, வாங்கிய மாதமே பஸ் உரசி, பின்கதவுக்கு டிங்கரிங் பார்த்துப் பெயிண்ட் அடித்தோம். வண்டி முழுவதும் வாக்ஸ் போடலாமா?

பதில்: அந்தக் கதவை மட்டும் விட்டுவிடுங்கள், தம்பி. பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லும் மூன்று மாதக் கணக்கு இங்கேதான் பொருந்தும். முழு வண்டியையும் பட்டறையில் 140 டிகிரியில் வைத்தால் பிளாஸ்டிக்கும் வயரும் உருகிவிடும். ஆகவே பெயிண்ட் பூத் என்ற மூடிய அறையில் 60 டிகிரி அளவில் சுடுவார்கள். பூத் இல்லாத பட்டறையில் காற்றிலேயே காயவிடுவார்கள். மேலே தொட்டால் காய்ந்தது போலிருக்கும். உள்ளே தின்னர் இன்னும் மெல்ல வெளியேறிக்கொண்டிருக்கும். அதன்மேல் வாக்ஸ், அதாவது மெழுகைப் பூசி வழியை அடைத்தால் பெயிண்ட் மங்கலாம், இறுகாமல் மிருதுவாகவே நிற்கலாம். 30 முதல் 90 நாள் வரை பொறுப்பது வழக்கம். பூத்தில் சுட்டாரா, எந்தப் பெயிண்ட் அடித்தார் என்று பெயிண்டரையே கேட்டு எத்தனை நாள் என்பதை முடிவு செய்யுங்கள். அதுவரை ஷாம்பு போட்டு மென்மையாகக் கழுவினால் போதும்.

கேள்வி (கன்னங்குறிச்சி): பாலிஷும் வாக்ஸும் ஒன்றுதானே?

பதில்: இல்லை. பாலிஷ் பெயிண்டைச் சிறிது தேய்த்து எடுக்கும். வாக்ஸ் அதன்மேல் ஒரு படலமாக உட்காரும். மேல்பூச்சான கிளியர் கோட் சுமார் 40, 50 மைக்ரான்தான் (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கீறல் இல்லாத புது வண்டிக்குப் பாலிஷ் எதற்கு? டப்பாவில் ‘கிளீனர் வாக்ஸ்’ என்று போட்டிருந்தால் அதிலும் தேய்க்கும் பொருள் இருக்கலாம். பார்த்து வாங்குங்கள்.

கேள்வி (செட்டிச்சாவடி): மேக்னசைட் சுரங்கத்துக்கு அருகில் வீடு. காலையில் பார்த்தால் கார் வெள்ளையாக நிற்கிறது. துணியால் துடைத்துவிட்டு வாக்ஸ் போடலாமா?

பதில்: தயவுசெய்து உலர்ந்த துணியை வண்டிமேல் வைக்காதீர்கள். அது கல்தூள். துணியால் இழுத்தால் சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்ப்பது போல்தான். வெயிலில் வட்ட வட்டமாகத் தெரியும் கீறல்கள் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன. முதலில் தண்ணீரைப் பீய்ச்சித் தூளை இறக்குங்கள். பிறகு இரண்டு வாளி: ஒன்றில் ஷாம்பு, மற்றொன்றில் துணியை அலச நல்ல தண்ணீர். உங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பாக இருந்தால், காயவிடாமல் உடனே மைக்ரோ ஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். ஏற்கனவே வெள்ளைத் திட்டு படிந்திருந்தால், வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து துடைத்துக் கழுவுங்கள். திட்டின்மேலேயே மெழுகு பூசினால் அது அடியில் அப்படியே தங்கிவிடும்.

காலை வெயில் ஏறுமுன், பானெட் கைக்குச் சில்லென்று இருக்கும்போது வாக்ஸ் போடுங்கள். சூடான தகரத்தில் மெழுகு திட்டுத் திட்டாகக் காய்ந்து ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி (ஏற்காடு): எங்கள் எஸ்டேட்டில் சில்வர் ஓக் நிழலில்தான் நிறுத்துகிறோம். மலைக் குளிரில் வாக்ஸ் பிடிக்குமா?

பதில்: பிடிக்கும்; காய மட்டும் நேரமாகும். பனிமூட்டம் விலகி, தகரத்தின் ஈரம் முழுவதும் போன பிறகு தொடங்குங்கள். உங்களுக்கு வெயிலைவிடப் பறவை எச்சம்தான் பெரிய எதிரி. கிளியர் கோட்டையே அரித்துவிடும். கண்டவுடன் ஈரத்துணியை அதன்மேல் போட்டு ஊறவைத்து எடுங்கள். ஈர வண்டிமேல் உறை போடாதீர்கள்.

கேள்வி (ஃபேர்லேண்ட்ஸ்): டெலிவரியின்போதே டெஃப்லான் கோட்டிங் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: பெயருக்காகப் பணம் கொடுக்க வேண்டாம். டெஃப்லான் என்ற பொருள் உருகுவதே சுமார் 327 டிகிரியில்; கார் பெயிண்டோடு அதை உருக்கி இணைக்க முடியாது. அந்தக் குப்பியில் வேலை செய்வது மற்ற மெழுகும் பாலிமரும்தான். அதை நீங்களே ஒரு டப்பா வாங்கிப் பூசிக்கொள்ளலாம்.

கேள்வி (அம்மாபேட்டை): நாளை டெலிவரி. நேராகக் கோட்டை மாரியம்மன் கோவிலில் பூஜை. வாக்ஸ் முன்பா, பின்பா? எத்தனை மாதத்துக்கு ஒரு முறை?

பதில்: பூஜை முடியட்டும், அம்மா. சந்தனம், குங்குமம் வைத்த இடத்தை அன்று மாலையே தண்ணீர் ஊற்றி இளக்கிக் கழுவுங்கள், தேய்க்க வேண்டாம். ஆரத்தித் தண்ணீரில் சுண்ணாம்பு இருப்பதால் பெயிண்டில் பட்டால் காயவிடக் கூடாது. கற்பூரத் தட்டைப் பானெட்மேல் வைக்கவும் விடாதீர்கள். மறுநாள் காலை வாக்ஸ் போடலாம். அடுத்தது எப்போது என்பதைத் தண்ணீரே காட்டும்: கழுவும்போது முத்து முத்தாக உருண்டால் மெழுகு இருக்கிறது, தட்டையாகப் படர்ந்து நின்றால் மறுபடி போடுங்கள்.