வாசகர் கேள்வி – பதில்: பத்திரத்தோடு புறப்பட்ட கொள்ளைக் கப்பல்கள்

கேள்வி: பாய்க்கப்பல் காலத்தில் நமது கடலில் பிரெஞ்சுத் தனியார் போர்க்கப்பல்கள் திரிந்ததாக ஒரு சொற்பொழிவில் கேட்டேன். அவற்றுக்கும் கடற்கொள்ளையர் கப்பல்களுக்கும் என்ன வேறுபாடு? 1782இல் திருகோணமலைக் கோட்டையைப் பிடித்தவர்களும் இவர்கள்தாமா? (வாசகர், உப்புவெளி)

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். 1782 ஓகஸ்ட் இறுதியில் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பறித்த சுஃப்ரென், பிரெஞ்சு மன்னரின் கடற்படைத் தளபதி. செப்டெம்பர் 3ஆம் திகதி துறைமுகத்துக்கு வெளியே அட்மிரல் ஹியூஸுடன் அவர் மோதியதும் இரு அரச கடற்படைகளின் போரே.

தனியார் போர்க்கப்பல் முதலாளிகளின் முயற்சி. வணிகர் சிலர் பணம் போட்டுக் கப்பலுக்குப் பீரங்கி ஏற்றுவர். போர்க்காலத்தில் எதிரி நாட்டு வணிகக் கப்பல்களைப் பிடிப்பதற்கு அரசு அவர்களுக்கு ஓர் அனுமதிப் பத்திரம் வழங்கும். பிடிபட்டது எதிரியின் சொத்துத்தான் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரே சரக்கை விற்றுப் பங்கிடலாம். பத்திரம் இல்லாமல் செய்தால் அதே செயல் கொள்ளை. மொரீஷியசிலிருந்து இயங்கிய ரொபேர் சுர்கூஃப், 1796இல் பத்திரமின்றியே வங்காள விரிகுடாவில் ‘ட்ரைட்டன்’ என்ற ஆங்கிலக் கப்பலைப் பிடித்தார். தீவின் பிரெஞ்சு நிர்வாகமோ பத்திரம் இல்லாததைக் காரணம் காட்டி, அவர் பிடித்தவற்றைத் தானே எடுத்துக்கொண்டது. பிரான்ஸ் சென்று முறையிட்டுத்தான் அவர் ஈடு பெற வேண்டியிருந்தது. சட்டம் இங்கே மாலுமியைவிடக் கருவூலத்துக்கே கூடுதலாக உதவியது என்பது என் எண்ணம். 1810இல் மொரீஷியஸ் ஆங்கிலேயர் வசமானதும் இந்தக் கடலில் இத்தொழில் படுத்துவிட்டது. 1856இன் பாரிஸ் பிரகடனம் அதைச் சட்டப்படி ஒழித்தது.

கேள்வி: இத்தகைய கப்பல்களில் மாலுமிகள் கலகம் செய்ததற்குக் கப்டன்களின் கொடுமைதான் காரணமா? (ஆசிரியை, நிலாவெளி)

பதில்: கொடுமையும் உண்டு, ஆனால் தனியார் கப்பலில் முதற் காரணம் பங்குதான். அங்கே பொதுவாக மாதச் சம்பளம் கிடையாது. கப்பல் பிடிபட்டால் பங்கு, பிடிபடாவிட்டால் வெறுங்கை. பல மாதம் கடலில் அலைந்தும் எதுவும் சிக்காதபோது, தம் நாட்டவரின் கப்பலைக்கூடப் பிடித்தால் என்ன என்று மாலுமிகள் கேட்கத் தொடங்குவர்.

வில்லியம் கிட் இந்தப் பொறியில்தான் அகப்பட்டார். கடற்கொள்ளையரையும் பிரெஞ்சுக் கப்பல்களையும் பிடிப்பதற்கென்று ஆங்கில அரசின் பத்திரத்துடன் 1696இல் புறப்பட்ட அவருக்கு, இந்து சமுத்திரத்தில் சுற்றியும் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. எதிரே வந்த கப்பலொன்றைத் தாக்க அவர் மறுத்ததால் மாலுமிகள் கொதித்துப்போயிருந்தனர். 1697 ஒக்டோபரில் பீரங்கிப் பொறுப்பாளர் வில்லியம் மூருடன் வாக்குவாதம் முற்றியபோது, இரும்பு வளையமிட்ட மரவாளியைத் தூக்கி அவர் தலையில் கிட் அடித்தார். மறுநாள் மூர் இறந்தார். அடுத்த ஜனவரியில் பிடித்த ‘கெடா மேர்ச்சன்ட்’ என்ற கப்பலில் பிரெஞ்சு அனுமதிச் சீட்டு இருந்ததால், அது முறையான பிடிப்பு என்பது கிட்டின் வாதம். இலண்டன் வழக்கில் அச்சீட்டுகள் அவருக்குக் கிடைக்கவில்லை. மூரைக் கொன்றதற்காகவும் கடற்கொள்ளைக்காகவும் 1701 மே 23ஆம் திகதி அவர் தூக்கிலிடப்பட்டார். காணாமற்போன சீட்டுகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரச ஆவணங்களுக்கிடையே அகப்பட்டன. வாளி அடிக்கு அவை விடையாகமாட்டா. எனினும், கொள்ளைக் குற்றச்சாட்டில் அவர் தரப்பைப் பலப்படுத்தியிருக்கும்.

அரச கடற்படையின் கதை வேறு. 1797 ஏப்ரலில் ஸ்பிட்ஹெட்டில் ஆங்கில மாலுமிகள் கலகம் செய்தபோது, அவர்களின் சம்பளம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக உயர்த்தப்படாதிருந்தது. உணவிலும் கைவைத்திருந்தார்கள்: 16 அவுன்சு கொண்ட இறாத்தலுக்குப் பதிலாக, கப்பல் களஞ்சியக்காரர் 14 அவுன்சையே ஓர் இறாத்தல் என்று நிறுத்துக் கொடுத்தார். பாண் இறாத்தலில் நிறை குறைந்தால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் நமக்கு அவர்களின் ஆத்திரம் விளங்கும். சம்பளமும் கூடி, பொது மன்னிப்பும் கிடைத்தது. அடுத்த மாதம் நோர் நங்கூரத் தளத்தில் எழுந்த கலகத்துக்கு அந்தப் பரிவு காட்டப்படவில்லை. அதன் தலைவர் ரிச்சர்ட் பார்க்கர் தூக்கிலிடப்பட்டார்.

நீங்கள் கேட்ட கொடுமைக்கு அதே ஆண்டின் ‘ஹெர்மியோன்’ கப்பல் சரியான சான்று. பாய்மரத்திலிருந்து கடைசியாக இறங்குவோருக்குக் கசையடி என்று கப்டன் பிகொட் மிரட்ட, அவசரத்தில் மூன்று இளைஞர்கள் விழுந்து இறந்தனர். சடலங்களைக் கடலில் வீசச் சொன்னார். செப்டெம்பர் 21ஆம் திகதி இரவு மாலுமிகள் அவரையும் பல அதிகாரிகளையும் வெட்டிக் கடலில் எறிந்து, கப்பலை ஸ்பானியரிடம் ஒப்படைத்தனர்.

கேள்வி: இங்கிலாந்தில் இன்றும் இருக்கும் ‘திருகோணமலை’ என்ற போர்க்கப்பல் தனியார் கப்பல்களுடன் போரிட்டதா? (மாணவன், உவர்மலை)

பதில்: இல்லை. ஹார்ட்டில்பூலில் காட்சிக்கு நிற்பது, பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டு 1817இல் மிதக்கவிடப்பட்ட கப்பல். அப்போது நெப்போலியனுடனான போர்களே முடிந்துவிட்டன. போரிட்டது அதே பெயருடைய பழைய சிறு கப்பல். 1799 ஒக்டோபரில் செங்கடலின் வாயிலான பாப் எல் மண்டப் நீரிணையில் ‘இஃபிஜெனி’ என்ற பிரெஞ்சுத் தனியார் கப்பலுடன் மோதியபோது, அது வெடித்துச் சிதறியது. பக்கத்தில் நின்ற எதிரிக் கப்பலும் அத்தோடு மூழ்கியது.