சுங்கை சிப்புட் பக்கம், எங்கள் தோட்டத்து லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) பக்கத்தில் தொலைத்தொடர்புக் கோபுரம் கட்டப் போகிறார்கள். எங்களால் தடுக்க முடியுமா?

சுங்கை சிப்புட் பக்கம் என்கிறீர்கள். முயலலாம், ஆனால் சிக்கல் நில உரிமையில் இருக்கிறது. மலேசியாவின் 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் 21-வது பிரிவுப்படி, உள்ளூர்த் திட்டம் (எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் திட்டம்) இல்லாத இடங்களில் பக்கத்து நில உரிமையாளர்களுக்கு நோட்டீஸ் போகும். அவர்கள் 21 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். தலைமுறை தலைமுறையாக லயத்தில் இருந்தாலும் நிலம் கம்பெனி பெயரில்தானே? அந்த நோட்டீஸ் உங்கள் வாசலுக்கு வராது. எனக்கு இது அநியாயமாகவே படுகிறது.

அதனால் காத்திருக்காமல் குடியிருப்பாளர்கள் கையெழுத்திட்டு ஊராட்சி மன்றத்துக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் மனு கொடுங்கள். கதிர்வீச்சை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டாம். தூரம் கூடக்கூட அது வேகமாகக் குறைந்துவிடும். கோயிலுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் கோபுரம் எத்தனை மீட்டர் என்று அளந்து எழுதுங்கள். அப்புறம், பால்மரக் (ரப்பர்) காட்டு ஓரமாக ஒரு மாற்று இடத்தையும் வரைபடத்தில் குறித்துக் கொடுங்கள். போன் லைன் கிடைக்காமல் பிள்ளைகள் படும் பாடும் உண்மைதான்.