முயல் ஏன் சாப்பிடவில்லை? வாசகர் கேள்வி, கால்நடை மருத்துவர் பதில்

கே: எங்கள் முயலுக்கு இரண்டு வயது. மகள் கேரட், பிஸ்கட், சில நாள் தயிர்சாதம்கூடக் கொடுப்பாள், ஆசையாகச் சாப்பிடும். நேற்று காலையிலிருந்து எதையும் தொடவில்லை. புழுக்கையும் போடவில்லை, மூலையில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஒரு நாள் பட்டினி போட்டால் வயிறு சரியாகிவிடும் என்கிறார் மாமியார். சரியா டாக்டர்?
- ஒரு வாசகி, தாம்பரம்

ப: இதழ் அச்சாகி வரும்வரை அந்த முயல் தாங்காது என்பதால் உங்கள் மெயிலைப் பார்த்த அன்றே போனில் பேசி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடச் சொல்லிவிட்டேன். இங்கே எழுதுவது மற்றவர்களுக்காக.

லங்கணம் பரம ஔஷதம் எல்லாம் நமக்குத்தான். முயலின் குடல் நிற்காமல் அசைந்துகொண்டே இருக்க வேண்டும், அசைய வைப்பது புல்லில் இருக்கும் நார். நார் குறைந்து மாவும் சர்க்கரையும் கூடினால் குடல் மந்தமாகும், உள்ளே இருக்கிற நுண்ணுயிர்களின் கணக்கு தப்பி வாயு சேரும், வயிறு வலிக்கும், வலியால் சாப்பாட்டை ஒதுக்கும், சாப்பிடாததால் குடல் இன்னும் மந்தமாகும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. 12 மணி நேரம் சாப்பிடாமல் இருந்தாலே அவசரம்தான். நீங்கள் ஒன்றரை நாள் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள் (திட்டவில்லை, பெரும்பாலானோர் அப்படித்தான் வருகிறார்கள்). வயிறு மத்தளம் மாதிரி விறைப்பாக இருந்தால் தீனியைக் கரைத்து ஊசியில்லாத சிரிஞ்சில் ஊட்டும் வேலையும் வேண்டாம், அடைப்பு இருக்கிறதா என்று மருத்துவர் பார்த்த பிறகுதான் ஊட்ட வேண்டும்.

முயல் என்றாலே கையில் கேரட்டோடு படம் போட்டு நம்மைக் கெடுத்துவிட்டார்கள். கேரட் அதற்கு மிட்டாய். வாரத்துக்கு இரண்டு முறை, விரல்நுனி அளவு துண்டு போதும். தினமும் முயலின் உடம்பு அளவுக்குக் குவியலாகப் புல் வையுங்கள்: அருகம்புல், நறுக்கிய கோ-4 தீவனப்புல், கிடைத்தால் கடையில் விற்கும் காய்ந்த டிமோதி புல். வைக்கோல் புல்லுக்கு ஈடாகாது, படுக்கைக்குப் போடலாம். வேலிமசால், கல்யாண முருங்கை இலை, கொத்தமல்லி, முள்ளங்கிக் கீரை எல்லாம் புல்லுக்கு மேல் கொஞ்சம், கழுவி ஈரம் வடிந்த பிறகு. பெல்லட் எனும் குச்சித் தீவனம் கொடுத்தால் வளர்ந்த முயலுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளைக்கு 25 கிராம், அவ்வளவுதான். பிஸ்கட், பிரெட், சோறு வேண்டவே வேண்டாம். இதுவரை புல்லே தின்னாத முயல் என்றால் ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள், ஒன்றிரண்டு வாரம் எடுத்துக்கொண்டு பழைய சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

இன்னொன்று, பல். முயலுக்குப் பல் சாகும்வரை வளரும், புல்லை அரைத்து அரைத்துத்தான் தேயும். போன மாதம் ஒரு முயல் வந்தது. கீரைத் தட்டுவரை ஓடி வருகிறது, முகர்கிறது, ஒரு இலையை வாயில் எடுக்கிறது, கீழே போட்டுவிட்டுத் திரும்பிப் போகிறது. தாடைக்குக் கீழே முடியெல்லாம் எச்சில் ஈரம். கடைவாய்ப் பல் முனை கூராக வளர்ந்து நாக்கைக் கிழித்திருந்தது. வயிற்றுக் கோளாறு என்று நினைத்துக் கொண்டுவந்த முயல் அது.

கே: எங்கள் முயல் விடியற்காலையில் ஆசனவாயில் வாயை வைத்து எதையோ எடுத்துத் தின்கிறது. திராட்சைக் கொத்து மாதிரி பளபளப்பாக, நாற்றமாக இருக்கிறது. பேதியா?
- கல்லூரி மாணவர், ஈரோடு

ப: பேதி இல்லை, அருவருப்பும் வேண்டாம். முயல் இரண்டு விதமாகக் கழிக்கும். காய்ந்த உருண்டைப் புழுக்கை ஒன்று, குடலில் ஒரு பெரிய பையில் புளித்து வரும் இந்த மெத்தென்ற கொத்து இன்னொன்று. அதில் புரதமும் பி வைட்டமின்களும் இருக்கின்றன, மாடு அசைபோடுவது போல இது இரண்டாவது பந்தி. தடுக்காதீர்கள். ஆனால் அந்தக் கொத்து தின்னப்படாமல் கூண்டில் நசுங்கிக் கிடந்தாலோ பின்புறத்தில் அப்பியிருந்தாலோ பெல்லட்டும் தின்பண்டமும் அதிகம் என்று அர்த்தம், அல்லது முயல் குண்டாகிக் குனிய முடியவில்லை.

கே: சந்தையில் ஒரு மாதக் குட்டிகள் நான்கு வாங்கினோம். தண்ணீராகப் பேதி, இரண்டு செத்துவிட்டன. வீட்டில் குழந்தைக்கு வாங்கிய அமாக்ஸிசிலின் சிரப் இருக்கிறது, கொடுக்கலாமா?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

ப: கூடாது. அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின் வகைகளை முயலுக்கு வாய்வழியாகக் கொடுத்தால் குடலின் நல்ல பாக்டீரியா செத்து, நச்சு உண்டாக்கும் கிருமி பெருகி, பேதியைவிட வேகமாக அந்த மருந்தே கொன்றுவிடும். தாய்ப்பாலை மறக்கும் வயதில் இடமும் தீனியும் ஒரே நாளில் மாறினால் பேதி வருவது வழக்கம். ரத்தக்கழிச்சல் நோயும் இந்த வயதில் சகஜம், அதற்குத் தனி மருந்து உண்டு. சாணத்தைச் சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள், மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். மிச்சமிருக்கும் இரண்டும் தாங்க வேண்டுமானால் இன்றே போங்கள்.

கே: கீரை தின்னும் முயலுக்குத் தண்ணீர் வைத்தால் செத்துவிடும் என்கிறார்களே?
- ஒரு வாசகி, விருதுநகர்

ப: வைக்காவிட்டால்தான் ஆபத்து. கனமான மண் கிண்ணத்தில் வையுங்கள், பிளாஸ்டிக்கைக் கவிழ்த்துவிடும்.